கமோன்: வட்டத்துக்குள் ஒரு குடும்பம்

ஜப்பானியக் குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னம் உண்டு. ஓர் இலை, ஒரு பூ, இரண்டு இறகு, ஆறு காசு, சிறகு விரித்த கொக்கு என்று ஏதாவது ஓர் உருவம். பெரும்பாலும் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும், ஒரே நிறத்தில் இருக்கும். இதற்குப் பெயர் கமோன். கல்லறைக் கல்லில், கூரை ஓட்டில், பழைய கடைகளின் வாசலில் தொங்கும் துணித்திரையில், திருவிழா விளக்கில், கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா உடுத்திவரும் கறுப்புக் கிமோனோவின் முதுகில் எல்லாம் இதைப் பார்க்கலாம். இன்று வழங்கிவரும் உருவங்கள் 5,000-க்கும் மேல்.

நான் ஜப்பானுக்குப் போனது ஓவியம் பார்க்கத்தான். தங்கத்தாள் ஒட்டிய மடக்குத் திரைகளையும் மரச்செதுக்கு அச்சுகளையும் அருங்காட்சியகங்களில் ஆசை தீரப் பார்த்தேன். ஆனால் அதிகமாக மனதைப் பிடித்துக்கொண்டது வெளியே, தெருவில் இருந்த இந்தச் சின்னஞ்சிறு ஓவியம். பெரிய திரைகளைப் பிரபுக்கள் வாங்கினார்கள். கமோனை விவசாயியும் வைத்திருந்தார், சோயா சாஸ் விற்றவரும் வைத்திருந்தார். ஒரு குடும்பம் தன் நினைவை ஒரு வடிவமாக மாற்றி, அதைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்ப வரைந்து காப்பாற்றியது என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது. ஜப்பான் போக நினைப்பவர்களுக்கும், போகாமலே அந்த நாட்டின் கலையை ரசிப்பவர்களுக்கும் இதைப் படிக்கும் முறை தெரிந்தால் பார்வையே மாறிவிடும்.

மாட்டு வண்டியில் தொடங்கியது

ஹெய்யான் காலம் எனப்படும் 794 முதல் 1185 வரையிலான காலத்தில், கியோட்டோவின் பிரபுக்கள் மாடு பூட்டிய கூண்டு வண்டியில்தான் போய்வந்தார்கள். அரண்மனை வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. அதற்காக, தங்களுக்குப் பிடித்த துணி வடிவங்களை வண்டியில் வரைந்து வைத்தார்கள். அந்த வடிவம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது, குடும்ப அடையாளமானது.

அப்புறம் சாமுராய்களின் காலம் வந்தது. போர்க்களத்தில் தலைக்கவசம் போட்டவர் எதிரியா நம் ஆளா என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். வண்டியில் இருந்த அழகு வடிவம் கொடியிலும் கூடாரத் துணியிலும் ஏறியது. நுணுக்கமான பூவேலை தூரத்தில் தெரியாது என்பதால் கோடுகள் குறைந்தன, வடிவங்கள் தடித்தன. இன்று நாம் வியக்கும் அந்த எளிமைக்குப் பின்னால் இப்படி ஒரு கடுமையான தேவை இருந்தது. சட்சுமா பகுதியை ஆண்ட ஷிமாசு குலத்தின் சின்னம் வட்டத்துக்குள் ஒரு சிலுவைக்கோடு, அவ்வளவுதான். இன்றைய நாகானோ மாநிலத்தின் உவேதா கோட்டையை ஆண்ட சனதா குலம் ஆறு காசுகளைச் சின்னமாக வைத்துக்கொண்டது. பௌத்த நம்பிக்கைப்படி, இறந்தவர் மறுகரை சேர ஒரு நதியைக் கடக்க வேண்டும், அதற்குக் கூலி ஆறு காசு. சாவுக்கான கூலியை முன்கூட்டியே கொடியில் எழுதிக்கொண்டு சண்டைக்கு வந்தவர்கள் அவர்கள்.

1603-ல் தோக்குகாவா ஷோகுன்களின், அதாவது அந்தக் குலத்து ராணுவ ஆட்சியாளர்களின், ஆட்சி தொடங்கியது. தொடக்க காலப் போர்கள் ஓய்ந்த பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் பெரிய போர் இல்லை. சின்னம் அப்போதும் மறையவில்லை. பிரபுக்கள் முறைவைத்து எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, பரிவாரத்தோடு வந்துபோக வேண்டியிருந்தது. எந்தச் சின்னம் எந்தப் பிரபுவுக்கு என்று பார்த்துத் தெரிந்துகொள்ளப் படங்களோடு கையேடுகள் அச்சாகி விற்பனையாயின. ஊர்வலத்தைப் பார்க்க வந்த நகரத்து மக்கள் அதை வாங்கிப் புரட்டினார்கள்.

என்னை அதிகம் தொட்டது அதே காலத்தின் இன்னொரு பக்கம். ஐரோப்பாவில் குலச்சின்னங்கள் பெரும்பாலும் மேல்குடியோடு சேர்ந்தவை. ஜப்பானில் அப்படி இல்லை. சாமானியர்களில் பெரும்பாலோருக்கு வெளியில் குடும்பப் பெயரைப் பயன்படுத்தக்கூட அனுமதி இல்லாத அந்தக் காலத்தில், சின்னம் வைத்துக்கொள்ள மட்டும் பொதுவாகத் தடை இருக்கவில்லை. வியாபாரிகள் வைத்துக்கொண்டார்கள், விவசாயிகள் வைத்துக்கொண்டார்கள், கபுகி நாடக நடிகர்களும் வைத்துக்கொண்டார்கள். இச்சிகாவா தஞ்சூரோ வழியில் வந்த நடிகர்களின் சின்னம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய மூன்று சதுர அரிசிப் படிகள். குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமானது 1875-ல்தான். ஆக, பெயர் வருவதற்கு முன்பே பல குடும்பங்களிடம் சின்னம் இருந்திருக்கிறது.

என்ன வரைந்தார்கள்

சிங்கம், கழுகு, வாள் என்று வீரம் காட்டும் உருவங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கமோனில் அதிகம் வருவது செடிகொடிகள். மிகப் பரவலான ஐந்தைத் தனியாகச் சொல்வார்கள்: தொங்கும் ஃபுஜிக் கொடிப் பூ, கிரி மரத்தின் இலையும் பூவும், ராஜாளி இறகு, நான்கு இதழாகப் பிரியும் மொக்கோ என்ற வடிவம், அப்புறம் கதபாமி.

கதபாமி வேறொன்றுமில்லை, நம் புளியாரைதான். தொட்டி ஓரத்திலும் வரப்பிலும் தானாக முளைக்கும், மூன்று இதய வடிவ இலையோடு புளிப்பாக இருக்கும் அந்தச் சின்னக் கீரை. இதைப் போய் ஒரு பிரபு குடும்பம் ஏன் தேர்ந்தெடுத்தது? பிடுங்கப் பிடுங்க வரும், வெயிலுக்கும் மழைக்கும் அசையாது, தரையெங்கும் பரவும். எங்கள் வம்சமும் இப்படிப் பெருகட்டும் என்ற வேண்டுதல்தான் அதில் இருக்கிறது. அந்தக் காலத்து வெண்கலக் கண்ணாடிகளை இந்த இலையால் தேய்த்துத்தான் பளபளப்பாக்குவார்கள் என்பதால் அதற்குத் தூய்மையின் அடையாளமும் சேர்ந்துகொண்டது. காலில் மிதிபடும் ஒரு செடியைப் பார்த்து ‘இதுதான் நாங்கள்’ என்று சொன்ன குடும்பங்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தோக்குகாவா குலத்தின் சின்னம் இன்னும் சுவையானது. வட்டத்துக்குள் மூன்று அவோய் இலைகள், நுனிகள் மையத்தில் சந்திக்கும். நிக்கோவில் அந்தக் குலத்தின் முதல் ஷோகுன் இயேயாசுவுக்காக எழுப்பிய தோஷோகு ஆலயத்துக்குப் போனால் கதவு, தூண், உலோகப் பூண் என்று எங்கே திரும்பினாலும் இதுதான். கியோட்டோவின் காமோ ஆலயங்களோடு சேர்ந்த புனிதச் செடி அது. ஆனால் இயற்கையில் அந்தச் செடியின் தண்டில் இரண்டு இலைதான் இருக்கும். மூன்றாவது இலை வரைந்தவரின் கற்பனை. இரண்டு இலையை வட்டத்தில் வைத்தால் எங்கோ காலியாக நிற்கும், மூன்று வைத்தால் வட்டம் நிறைந்துவிடும். வடிவத்துக்காக இயற்கையையே திருத்தியிருக்கிறார்கள்.

அரச குடும்பத்தின் சின்னம் 16 இதழ்ச் சாமந்தி, பின்னால் இன்னொரு அடுக்கு இதழ்களோடு. ஜப்பானியப் பாஸ்போர்ட்டின் அட்டையில் இருப்பதும் 16 இதழ்ச் சாமந்திதான், ஒற்றை அடுக்கு. கிரி மரத்தின் பூவும் இலையும் ஒரு காலத்தில், தோக்குகாவாக்களுக்கு முன் நாட்டை ஒன்றிணைத்த தோயோதோமி ஹிதேயோஷி பயன்படுத்திய சின்னம். இன்று அது ஜப்பானிய அரசாங்கத்தின் சின்னம், பிரதமரின் பேச்சு மேடையில் பார்க்கலாம். 500 யென் நாணயத்திலும் கிரிப் பூ உண்டு. ஜப்பானில் தேநீர் வாங்கிச் சில்லறையை எண்ணும்போதே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

ஒன்றிலிருந்து நூறு

சரி, ஐந்து வகைதான் பரவலாக இருக்கிறது என்றால் ஆயிரக்கணக்கில் எப்படி வந்தன? ஒரு குடும்பத்தின் இளைய மகன் தனிக்குடித்தனம் போகும்போது மூலச் சின்னத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சின்ன மாற்றம் செய்வார். சுற்றி ஒரு வளையம் போடுவது மிக எளிய வழி. அல்லது நிரப்பிய உருவத்தை வெறும் கோட்டோவியமாக்கலாம். ஒற்றை இலையை மூன்றாக்கலாம், இலைகளுக்கு நடுவே வாள்முனை செருகலாம், பாதி உருவம் மட்டும் விளிம்பிலிருந்து எட்டிப்பார்க்கும்படி வைக்கலாம். பெயரும் இந்த மாற்றங்களைச் சொல்லியே அமையும்: ‘வளையத்துக்குள் குறுக்காக வைத்த ராஜாளி இறகு’ என்பது போல. பெயரைச் சொன்னால் தொழில் தெரிந்தவர் பார்க்காமலே வரைந்துவிடுவார்.

இந்த இலக்கணம் தெரிந்த கண்ணோடு ஹிமேஜி கோட்டைக்குப் போக வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1993-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வெள்ளைக் கோட்டை. எல்லோரும் தூரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுகிறார்கள். மேலே ஏறும் வழியில் உள்ள வாசல்களின் கூரை விளிம்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உருண்டை ஓடுகளின் முகப்பில் வேறுவேறு சின்னங்கள் கலந்து கிடக்கும். கிரி இலை இருந்தால் ஹிதேயோஷி. வால் நீண்ட பட்டாம்பூச்சி இருந்தால், 1600-களின் தொடக்கத்தில் இன்றைய பெரிய கோபுரத்தைக் கட்டிய இகேதா தெருமாசாவின் குடும்பம். இலைகளுக்கு நடுவே வாள்முனை வைத்த புளியாரை இருந்தால், 1749-ல் வந்து சாமுராய் ஆட்சி முடியும்வரை இருந்த சகாய் குடும்பம். ஒவ்வொரு குடும்பமும் தன் காலத்தில் செய்த பழுதுபார்ப்பில் தன் சின்னத்தைப் பதித்தது. யார் எப்போது இந்தக் கூரையில் கைவைத்தார் என்பதை ஓடுகளே சொல்கின்றன. நான் பார்த்த பட்டாம்பூச்சி ஓடு ஒன்றில் இறக்கையின் வரிகள் மழையில் மழுங்கி, உணர்கொம்பு மட்டும் கூர்மையாக நின்றது. பக்கத்து ஓட்டில் புளியாரை, விளிம்பெல்லாம் கறுத்துப் பாசி படிந்து. இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே நூறு வருடத்துக்கு மேல் இடைவெளி, கூரையில் ஒரு கை அகலம்.

இரண்டு சென்டிமீட்டர் ஓவியம்

கிமோனோவில் சின்னம் வரைவதற்கென்றே ஒரு தொழில் உண்டு. துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றும்போது சின்னம் வரவேண்டிய இடங்களில் மட்டும் சாயம் படாமல் வெள்ளை வட்டம் விட்டுவிடுவார்கள். அந்த வட்டத்துக்குள் குடும்பத்தின் உருவத்தைக் கொண்டுவருவது சின்னக் கலைஞரின் வேலை. பெண்களின் கிமோனோவில் சின்னத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர், ஆண்களுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர்.

அவர்களுடைய கருவி, மூங்கிலில் செய்த ஒரு காம்பஸ். ஒரு காலில் ஊசி, மறு காலில் பென்சிலுக்குப் பதில் மெல்லிய தூரிகை. மூங்கில் இயல்பாகவே விரியப் பார்க்கும். விரலால் லேசாக அழுத்திப் பிடித்து, தேவையான ஆரத்தில் நிறுத்திச் சுழற்ற வேண்டும். கொக்கின் கழுத்து வளைவா, சாமந்தி இதழின் நுனியா, பட்டாம்பூச்சியின் இறக்கையா, எல்லாமே வட்டங்களின் துண்டுகள்தான். ஒரு சின்னத்தைப் பிரித்துப் பார்த்தால் டஜன் கணக்கில் வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும், அவற்றில் எந்த வளைவை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் கலை. இலைக்கும் இலைக்கும் நடுவே விடும் வெள்ளைக்கோடு தலைமுடி அளவு. அது ஒரு பக்கம் கொஞ்சம் தடித்தால்கூட முழு உருவமும் சாய்ந்த மாதிரித் தெரியும். சின்னத்தின் அழகு கறுப்பில் இருப்பதைவிட அந்த வெள்ளை இடைவெளியில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கிமோனோவில் எத்தனை சின்னம் இருக்கிறதோ அவ்வளவு முறைமை கூடும். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். ஐந்து இருந்தால் முழு மரியாதை உடை: முதுகின் நடுவில் ஒன்று, இரண்டு கைகளின் பின்புறத்தில் ஒவ்வொன்று, மார்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. முதுகில் இருப்பது முன்னோர், மார்பில் இருப்பது பெற்றோர், கைகளில் இருப்பது உடன்பிறந்தோரும் உறவினரும் என்று சொல்லும் வழக்கமும் இருக்கிறது. கல்யாணத்தில் மணமக்களின் தாய்மார் உடுத்தும் கறுப்புக் கிமோனோவுக்கு ஐந்து சின்னம். துக்க உடைக்கும் ஐந்துதான். நல்லதுக்கும் கெட்டதுக்கும் குடும்பம் முழுவதையும் உடம்பில் சுமந்துகொண்டு போகிறார்கள்.

சொந்தச் சின்னம் தெரியாதவர்கள், வாடகைக்கு எடுப்பவர்கள் என்ன செய்வார்கள்? வாடகைக் கிமோனோக்களில் பெரும்பாலும் கிரிச் சின்னத்தின் ஒரு வகை பொதுவாகப் போட்டிருக்கும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். வளையத்துக்குள் ஒரே மாதிரிச் சின்னம் இருப்பதால் இரண்டு குடும்பங்கள் சொந்தக்காரர்கள் என்று முடிவுகட்ட முடியாததற்கும் இதே தாராளம்தான் காரணம்.

அம்மாவிடமிருந்து மகளுக்கு

ஒசாகா, கியோட்டோ, நாரா உள்ள கன்சாய் வட்டாரத்தில் ‘பெண் சின்னம்’ என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகிப் போனாலும் பெண் கணவன் வீட்டுச் சின்னத்துக்கு மாறமாட்டாள். அவள் கிமோனோவில் அவளுடைய அம்மாவின் சின்னம் இருக்கும், அது பாட்டியிடமிருந்து வந்தது. நாளை மகளுக்குப் போகும். வீட்டின் பெயரும் கல்லறையும் ஆண்வழியில் போய்க்கொண்டிருக்க, அதற்கு அடியில் இன்னொரு கோடு பெண்கள் வழியாகவே இறங்கி வருகிறது. மகனைவிடத் திறமையான மருமகனைத் தேர்ந்து வீட்டோடு தத்தெடுத்துக் கடையை ஒப்படைப்பது ஒசாகா வியாபாரக் குடும்பங்களில் சாதாரணம். அங்கே வீட்டின் தொடர்ச்சியே மகள்தான் என்பதால் இந்த வழக்கம் வேரூன்றியது என்று ஒரு விளக்கம் உண்டு. கல்யாணத்தின்போது அவள் கொண்டுவந்த பெட்டிகளும் உடைகளும் அவளுக்கே சொந்தம் என்று காட்டும் அடையாளம் என்று இன்னொன்று.

குடும்ப மரபு என்றாலே அப்பா, தாத்தா, பூட்டன் என்று எண்ணிப் பழகிய நமக்கு இது யோசிக்க வேண்டிய இடம். எந்த ஏட்டிலும் எழுதாமல், பெட்டிக்குள் மடித்து வைத்த ஒரு பட்டின் முதுகில், இரண்டு சென்டிமீட்டர் வட்டமாக ஒரு தாய்வழி வாழ்ந்திருக்கிறது. கன்சாயிலேயே இன்று இந்த வழக்கம் அறியாத இளையவர்கள் நிறைய.

தொலைந்ததும் தேடுவதும்

கமோன் நவீன வணிகத்துக்குள்ளும் நுழைந்தது. மிட்சுபிஷியின் மூன்று வைரங்கள், அதைத் தொடங்கிய இவாசாகி குடும்பத்தின் சாய்சதுரச் சின்னமும் தோசா பகுதியை ஆண்ட யமாவுச்சி குலத்தின் மூன்று ஓக் இலைகளும் சேர்ந்து பிறந்தவை. அறிவியல் கருவிகள் செய்யும் ஷிமாட்சு நிறுவனத்தின் முத்திரை, மேலே சொன்ன அதே வட்டமும் சிலுவைக்கோடும்.

குடும்பங்களில் நிலைமை வேறு. ஒரு குடும்பத்தின் சின்னம் எது என்று எந்த அரசுப் பதிவும் கிடையாது. 1872-ல் தொடங்கிய கோசெக்கி என்ற குடும்பப் பதிவேட்டில் பிறப்பு, திருமணம், தத்து, இறப்பு எல்லாம் உண்டு, சின்னம் இல்லை. அதனால் ஒரு பாட்டி இறந்து, கிமோனோவை யாரோ விற்று, கிராமத்தில் பார்க்க ஆளில்லை என்று கல்லறையையும் மூடிவிட்டால் சின்னமும் போய்விடும். ஊர்கள் காலியாகிக்கொண்டிருக்கும் இன்றைய ஜப்பானில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

கடல் கடந்து போனவர்களின் கதை இன்னும் கனமானது. 1885 முதல் அரசு ஒப்பந்தத்தில் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1908-ல் கசாதோ மாரு என்ற கப்பல் கோபேயிலிருந்து பிரேசிலின் சந்தோஸ் துறைமுகத்துக்கு முதல் குடியேறிகளைக் கொண்டுபோனது. ஏழை விவசாயக் குடும்பத்து இளைஞர்களின் பெட்டியில் ஐந்து சின்னப் பட்டு எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? இருந்ததையும் காலம் விடவில்லை. 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியதும், சந்தேகத்துக்கு ஆளாகிவிடுவோமே என்று அமெரிக்க ஜப்பானியக் குடும்பங்கள் பல தங்கள் கடிதங்களையும் படங்களையும் பொம்மைகளையும் எரித்தன, தோட்டத்தில் புதைத்தன. 1942-ல் ஏறத்தாழ 1,20,000 பேர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது கையில் தூக்க முடிந்ததை மட்டுமே எடுத்துப்போக முடிந்தது. இன்று அவர்களின் பேரன் பேத்திகள் ஜப்பானுக்குப் பயணம் போகும்போது பலர் தேடுவது இந்தச் சின்னத்தைத்தான். அவர்களுக்கு மொழி தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் கல்லறைக் கல்லில் செதுக்கிய மூன்று இலையைப் படிக்க மொழி வேண்டியதில்லை.

தேடுவதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. முதலில் வீட்டிலேயே மூத்தவரிடம் கேட்பது, பழைய கல்யாணப் படங்களில் கிமோனோவின் மார்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது. அப்புறம் பூர்வீக ஊரின் நகராட்சியில் கோசெக்கி நகல் கேட்பது. நேர்வழி வாரிசுகள் வெளிநாட்டவராக இருந்தாலும் கேட்கலாம். 1872-ன் முதல் பதிவேட்டில் பழைய சமூகப் பாகுபாட்டைக் காட்டும் குறிப்புகள் இருந்ததால் 1968 முதல் அதை யாருக்கும் காட்டுவதில்லை. 1886-க்குப் பிந்தைய வடிவம், அழியாமல் இருந்தால், கிடைக்கும். நீக்கப்பட்ட ஏடுகளை 150 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அதில் சின்னம் இருக்காது, ஊரின் பெயர் இருக்கும். அந்த ஊரின் பௌத்த ஆலயத்துக்குப் போய்க் குடும்பக் கல்லறையைக் கண்டுபிடித்தால், கல்லின் முகப்பிலோ கீழே தண்ணீர் ஊற்றும் கிண்ணப் பகுதியிலோ சின்னம் பெரும்பாலும் செதுக்கியிருக்கும். படம் எடுக்கும்போது நேராக நின்று எடுங்கள். இலை நரம்பின் எண்ணிக்கை, வளையத்தின் தடிமன், வாள்முனை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் ஒரு கிளைக் குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும்.

எல்லா வழியும் அடைபட்டவர்கள் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை. அரச சாமந்தியை ஒதுக்கிவிட்டு, பிடித்த செடியையோ தொழில் கருவியையோ சொல்லி ஒரு சின்னக் கலைஞரிடம் வரையச் சொல்லலாம். அப்படிப் புதிதாக வரையச் சொல்லிக் கேட்பவர்களில் ஜப்பானியர்களும் இருக்கிறார்கள், வெளிநாட்டவரும் இருக்கிறார்கள்.